ரெண்டு தடவை தோற்றால்தான் தோல்வி

அவரைச் செகரட்டரி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். கிளப்பில் அந்தப் பதவியைப் பின்னாளில் பிடுங்கிக்கொண்ட பிறகும் அந்தப் பெயர் அவரை விட்டுப் போகவில்லை. ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியில் வீடு, திருச்சி கோர்ட்டில் வக்கீல் தொழில். நெற்றியில் திருமண், பின்னால் முடிந்த குடுமி, கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டு, பஞ்சகச்சம். இந்தக் கோலத்தில் ஒரு மனிதர் பில்லியர்ட்ஸ் மேஜைமேல் குனிந்து, ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு குச்சியை முன்னும் பின்னும் இழுப்பதை முதல் தடவை பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அன்றைக்கே அவரோடு ஆடினேன். ஆட்டம் முடிந்தபோது சிரிப்பு வரவில்லை.

கன்டோன்மென்ட் பக்கம் இருந்த கிளப் அது. வக்கீல்கள், டாக்டர்கள், ரயில்வே ஆபீசர்கள், என்னைப் போல வியாபாரிகள் சில பேர் மெம்பர்கள். எங்களுக்குப் பெரிய கடை வீதியில் சுருட்டு மண்டி. மண்டியை என் தகப்பனார், அத்தா, பார்த்துக்கொண்டார். வெளியூர் வியாபாரம் என் பொறுப்பு. சாயங்காலம் ஆனால் நான் கிளப்புக்குக் கிளம்பிவிடுவேன். "குச்சியால உருண்டையைத் தள்ளுறதுக்கு ஒரு கோட்டு, ஒரு பூட்ஸு" என்பார் அத்தா. அதற்கு மேல் தடுத்ததில்லை.

செகரட்டரியிடம் ஒரு குணம். யாரையும், எதையும், ஒரு தடவை பார்த்து முடிவு கட்ட மாட்டார். கேட்க நல்ல குணமாகத்தான் இருக்கிறது. பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்குத்தான் அதன் கஷ்டம் தெரியும்.

அவர் வீட்டுக்குச் சமையல்காரர் தேடிய கதையை அவர் குமாஸ்தா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். இரண்டு பேர் வந்தார்களாம். முதல் நாள் ஒருவர் வைத்த சாற்றமுதில் உப்பு தூக்கலாக இருந்தது. வீட்டு அம்மாள் மற்றவரையே வைத்துக்கொள்ளலாம் என்றிருக்கிறார். இவர் கேட்கவில்லை. "இன்னிக்கு அவன் கை தவறிப்போயிருக்கலாம். இவனுக்கு இன்னிக்குக் கை கூடியிருக்கலாம். நாளைக்கும் ரெண்டு பேரும் பண்ணட்டும்." ஒரு வாரம் அந்த வீட்டில் இரண்டு சமையல் நடந்தது. கடைசியில் இரண்டு பேருமே கோபித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்தபோதும் அப்படித்தான். பையன் பேசும்போது நாக்குக் குழறியது. வேண்டாம் என்று உறவெல்லாம் சொல்லியும், "புது இடம், நாலு பேர் உட்கார்ந்து முறைச்சா யாருக்குத்தான் வார்த்தை வரும்?" என்று மறுபடி வரவழைத்தார். மறுபடியும் குழறியது. பையனுக்குத் திக்குவாய் என்று அப்புறம்தான் தெரிந்தது. அதற்குள் பெண் அவனையே கட்டிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டாள்.

கிளப்பில் இந்தக் குணம் எங்களை வாட்டியது. ஒரு நாள் ரயில்வே ஆபீசர் ஒருவரை நான் ஜெயித்தேன். அவர் மெட்ராஸில் பரிசு வாங்கியவர். நான் ஆடியதிலேயே அதுதான் சிறந்த ஆட்டம். எல்லோரும் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். செகரட்டரி மட்டும் குச்சி முனையில் சுண்ணக்கட்டி தேய்த்துக்கொண்டே, "ராவுத்தரே, இதே மாதிரி இன்னொரு தடவை அவரோட ஆடிக் காட்டுங்கோ" என்றார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது.

"இப்ப ஜெயிச்சது போதாதா சார்?"

"ஒரு தடவை ஜெயிச்சா அது சேதி. ரெண்டாந்தடவையும் ஜெயிச்சாத்தான் தீர்ப்பு."

வேண்டுமென்று மட்டம் தட்டுகிறார் என்று நினைத்தேன். அப்புறம் கவனித்தேன். தான் ஜெயித்தபோதும் அவர் யாருடைய பாராட்டையும் வாங்கிக்கொள்வதில்லை. "பார்ப்போம், பார்ப்போம்" என்று அங்கவஸ்திரத்தை உதறிக்கொண்டு போய்விடுவார்.

கிளப்பில் வருஷா வருஷம் கோப்பைக்காக ஒரு போட்டி நடக்கும். அதில் பல வருஷமாகப் பிரெசிடென்ட்தான் ஜெயித்துக்கொண்டிருந்தார். அவர் ரிடையரான டெபுடி கலெக்டர். நன்றாக ஆடுவார், மறுக்க முடியாது. ஆனால் போன வருஷம் கோப்பை வைத்திருந்தவர் கடைசி ஆட்டம் மட்டும் ஆடினால் போதும் என்பது பழைய வழக்கம். மற்றவர்கள் ஒருவரையொருவர் வெட்டி மடிந்து, மிஞ்சியவன் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து நிற்பான். பிரெசிடென்ட் மத்தியானத் தூக்கம் முடிந்து, பன்னீர் வாசனையோடு வந்து குச்சியை எடுப்பார்.

செகரட்டரி பதவிக்கு வந்த பிறகு நடந்த முதல் பொதுக்கூட்டத்திலேயே இவர் எழுந்து, சாம்பியனும் முதல் ரவுண்டிலிருந்து ஆடவேண்டும் என்றார்.

பிரெசிடென்ட் முகம் சிவந்துவிட்டது. "முதல் ரவுண்டுல யாரோ ஒருத்தன்கிட்ட நான் தோத்துட்டா, இந்தக் கோப்பைக்கு என்னய்யா மரியாதை?"

"தோக்கறதுக்கும் இடம் இருந்தாத்தானே அது போட்டி? இல்லேன்னா பூஜை."

கூட்டம் சிரித்துவிட்டது. அந்தச் சிரிப்பைப் பிரெசிடென்ட் மன்னிக்கவே இல்லை.

அந்த வருஷம் அவர் முதல் ரவுண்டிலேயே தோற்றார். ஜெயித்தவர் எங்கள் டாக்டர். அவர் சுமாராகத்தான் ஆடுவார். அன்றைக்கு என்னவோ தொட்டதெல்லாம் விழுந்தது. அடுத்த ஆட்டத்திலேயே டாக்டர் பரிதாபமாகத் தோற்றுப் போனார். பிரெசிடென்டைப் பிடிக்காதவர்கள் வராந்தாவில் நின்று குதித்தார்கள். செகரட்டரி அவர்களோடு சேரவில்லை. மேஜை ஓரத்தில் உட்கார்ந்து வெகுநேரம் எதையோ யோசித்துக்கொண்டிருந்தார்.

"என்ன சார், நீங்க நினைச்சது நடந்துடுச்சே?" என்றேன்.

"இல்லை ராவுத்தரே. இதுவும் தப்பு. டாக்டரைவிடப் பிரெசிடென்ட் நல்ல ஆட்டக்காரர். அது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒரு சாயங்காலம் சரியில்லைன்னு அவரை வெளில தள்றது என்ன நியாயம்?"

தன்னைக் கண்டாலே பல்லைக் கடிக்கிற மனிதருக்காக இவர் மனம் வேகிறது. எனக்கு அது விளங்கவில்லை. கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது.

அடுத்த வருஷம் எல்லோரும் எல்லோருடனும் ஆடட்டும் என்று வைத்துப் பார்த்தார். ஐப்பசி மழை முழுக்க ஆட்டம் இழுத்தது. கடைசியில், தனக்கு இனிமேல் கோப்பை கிடைக்காது என்று தெரிந்துபோன ஒருவர், நண்பருக்கு வேண்டுமென்றே ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார். பெரிய ரகளையாகிவிட்டது. "ஆடறவனுக்கு ஆடறதுக்குக் காரணம் இருக்கணும். அது போயிடுத்துன்னா ஆட்டமே பொய்" என்று அதையும் எடுத்துவிட்டார்.

அதற்குப் பிறகுதான் அந்தப் புது விதி வந்தது. யாரும் ஒரு தடவை தோற்றால் வெளியே போகவேண்டாம். இரண்டு தடவை தோற்றால்தான் தோல்வி. ஒரு தடவை தோற்றவர்கள் தனி வரிசையில் தங்களுக்குள் ஆடிக்கொண்டு மேலே வரலாம். கடைசியில் ஒரு தடவைகூடத் தோற்காதவர் ஒருவரும், ஒரு தோல்வியோடு மீண்டு வந்தவர் ஒருவரும் எதிரெதிரே நிற்பார்கள். மீண்டு வந்தவர் அப்போது ஜெயித்தாலும் போட்டி முடியாது. ஆளுக்கொரு தோல்வி ஆகிவிடுவதால் இன்னொரு ஆட்டம் ஆடவேண்டும். அதுதான் முடிவு.

பொதுக்கூட்டத்தில் இதைப் பாதிப் பேர் புரிந்துகொள்ளாமலே கை தூக்கினார்கள். நானும் கை தூக்கினேன். இந்த விதியின் நடுவில் ஒருநாள் நானே போய் மாட்டிக்கொள்வேன் என்று நினைக்கவில்லை.

யுத்தம் முடிந்த அடுத்த வருஷம் அது. வடக்கேயிருந்து பத்திரிகையில் இந்து முஸ்லிம் கலவரச் செய்திகளாக வந்துகொண்டிருந்தன. எங்கள் ஊரில் ஒன்றும் நடக்கவில்லை. ஆனாலும் பேச்சு மாறியிருந்தது. மண்டிக்கு வழக்கமாக வரும் ஆட்கள் சிலர் வாசலிலேயே நின்று பேசிவிட்டுப் போனார்கள். கிளப்பில் யார் யாரோடு ஆடுகிறார்கள் என்பதை, முன்பு பார்க்காதவர்கள்கூடப் பார்த்தார்கள்.

அந்த வருஷப் போட்டியில் செகரட்டரியிடம் நான் இரண்டாவது ரவுண்டிலேயே தோற்றேன். தோற்றவர்கள் வரிசைக்குப் போய், ஒவ்வொருவராக ஜெயித்து மேலே வந்தேன். இன்னொரு தோல்வி வந்தால் வெளியே என்ற பயம் என்னை நன்றாக ஆடவைத்தது. கடைசி நாள், ஞாயிற்றுக்கிழமை. காலையில் டாக்டரோடு ஒரு நீண்ட ஆட்டம் ஆடி ஜெயித்தேன். சாயங்காலம் செகரட்டரியோடு. அவர் ஒரு ஆட்டம்கூடத் தோற்றிருக்கவில்லை.

அன்றைக்கு அத்தா வந்தார். கிளப் வாசலை அதுவரை மிதிக்காதவர். கூடவே எங்கள் தெருவிலிருந்து ஒரு கூட்டம். உள்ளே விடமாட்டார்கள் என்பதால் வராந்தாவில், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். யாரோ ரோஜா மாலை வேறு வாங்கி வந்திருந்தார்கள். இந்தப் பக்கம் ஸ்ரீரங்கத்து வக்கீல்கள் வரிசையாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

நான் ஜெயித்தேன்.

வராந்தாவில் எழுந்த கூச்சலில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பிரெசிடென்ட் எழுந்தார். கோப்பையை ஒற்றைக் கையால் தூக்கிக்கொண்டு, "வாங்க ராவுத்தர், வாங்கிக்குங்க" என்றார். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் பார்த்ததே இல்லை. அது என்னால் வந்த சந்தோஷம் இல்லை என்பது எனக்குத் தெரிந்தது.

"இன்னும் முடியலை" என்றார் செகரட்டரி.

அறை சட்டென்று அடங்கியது.

"அவருக்கு ஒரு தோல்வி, எனக்கு ஒரு தோல்வி. விதிப்படி இன்னொரு ஆட்டம் இருக்கு."

"அந்த விதியை எழுதினது யாரு?" என்று ஜன்னலுக்கு வெளியிலிருந்து ஒரு குரல் கேட்டது. "தோத்தா திரும்ப ஆடலாம்னு தனக்குத் தானே எழுதிக்கிட்டாரு!"

பிரெசிடென்ட் சிரித்தார். "கேட்டீரா? ஊர் சொல்றது. பெரிய மனுஷனா விட்டுடுமேய்யா." செகரட்டரியின் நண்பர் ஒருவரும் அவர் காதோரம் போய், "காலம் கெட்டுக் கெடக்கு. விட்டுடுங்கோ. நல்ல பேராவது மிஞ்சும்" என்றார். சத்தமில்லாமல்தான் சொன்னார். ஆனால் அந்த அமைதியில் எல்லோர் காதிலும் விழுந்தது.

செகரட்டரி நேராக என்னிடம் வந்தார். அவருக்கு வேர்த்திருந்தது. எனக்கோ கோபத்தில் காது சுட்டது.

"ராவுத்தரே, நான் இப்போ விட்டுக்கொடுத்தா என்ன ஆகும் தெரியுமோ? ஐயங்கார் பெருந்தன்மையா விட்டார்னு ஊர் சொல்லும். கோப்பை உங்காத்துல இருக்கும், பேரு எங்கிட்ட இருக்கும். அது உங்களுக்குச் சம்மதமா?"

அவர் சொன்னது உண்மை. நாளைக்கு யாராவது, "உனக்கு வக்கீல் விட்டுக்கொடுத்த கோப்பைதானே" என்று சொன்னால் என்னால் என்ன சொல்லமுடியும்?

"ஆடுறேன் சார்" என்றேன். வெளியே முணுமுணுப்பு எழுந்தது.

"இப்போ வேண்டாம், நாளைக்கு" என்றார் அவர். "நீங்க காலம்பற வேற ஒரு ஆட்டம் ஆடியிருக்கேள். களைச்சிருக்கேள். நான் ஒண்ணுதான் ஆடியிருக்கேன்."

"பாத்தீங்களா, வாய்தா வாங்குறாரு வக்கீலு!" என்று ஜன்னல் குரல் மறுபடி கத்தியது. இந்தத் தடவை பலர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு நன்றாக இல்லை. மாலை வாங்கி வந்தவர் அதை வராந்தாவிலேயே போட்டுவிட்டுப் போனார்.

அன்று வீட்டில் அத்தா சாப்பிடவில்லை. "நாளைக்கு நீ போகக் கூடாது. அவங்க ஆட்டம், அவங்க சட்டம். நம்மளை வச்சு வேடிக்கை காட்டுறாங்க" என்றார்.

"அவர் அப்படிப்பட்டவர் இல்லத்தா."

"எப்படிப்பட்டவருன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

எனக்கும் அன்றைக்கு நிச்சயமாகத் தெரியவில்லை.

காலையில் கடை திறக்கும் நேரத்தில் செய்தி வந்தது. முதல் நாள் விளக்கு வைக்கும் வேளையில் செகரட்டரியின் குதிரை வண்டி காவிரிப் பாலத்தில் ஏறும்போது இருட்டிலிருந்து ஒரு கல் வந்திருக்கிறது. நெற்றி கிழிந்துவிட்டதாம். சொன்னவன் குரலைத் தாழ்த்திச் சொன்னான். கேட்ட எங்கள் ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அத்தா எழுந்து உள்ளே போய், வெகுநேரம் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்புறம் வெளியே வந்து, "கிளம்பு. நானும் வரேன்" என்றார்.

கிளப்புக்குப் போனபோது செகரட்டரி எங்களுக்கு முன்பே வந்திருந்தார். இடது புருவத்துக்கு மேல் பெரிய கட்டு. அந்தக் கண் வீங்கிப் பாதி மூடியிருந்தது. திருமண் இட்டுக்கொள்ள இடமில்லை. அந்த வெறும் நெற்றியைப் பார்க்க எனக்கு என்னவோ போல இருந்தது. எதிரே போலீஸ் இன்ஸ்பெக்டர் நின்றுகொண்டிருந்தார். அவரும் மெம்பர்தான்.

"நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும் சார்" என்றார் இன்ஸ்பெக்டர். "நேத்து ஜன்னல்ல நின்னு கத்தினவன் எந்தத் தெருன்னு எல்லாருக்கும் தெரியும். அந்தத் தெருப் பசங்களை அள்ளிட்டு வந்து ரெண்டு தட்டு தட்டினா யாருன்னு வந்துடும்."

அத்தா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். அது எங்கள் தெரு.

"எறிஞ்சது யார்னு நான் பார்க்கலை" என்றார் செகரட்டரி.

"பார்க்கலைன்னாலும் ஊகம் இருக்குமே?"

"ஒரு கல்லை வெச்சுண்டு ஒரு தெருவுக்கே தீர்ப்பு எழுதச் சொல்றேளா? நான் எழுதமாட்டேன். நீங்களும் எழுதாதேங்கோ."

இன்ஸ்பெக்டர் தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். அத்தாவின் பிடி தளர்ந்தது. அதுவரை அவர் செகரட்டரியோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்போது கிட்டே போய், "வக்கீல் சாமி, ரொம்ப வலிக்குதா?" என்று கேட்டார்.

"விண்ணு விண்ணுங்கறது" என்றார் அவர், குழந்தை மாதிரி. உடனே என் பக்கம் திரும்பி, "ஆரம்பிக்கலாமா?" என்றார்.

பிரெசிடென்டும் மற்றவர்களும் வந்துவிட்டார்கள். நான் குச்சியை எடுக்கவில்லை.

"முடியாது சார். உங்களுக்கு ஒரு கண்ணு தெரியலை."

"தெரியறது. இது ஆட்டத்துல சேராது."

"நேத்து எனக்குக் களைப்புன்னு நான் கேக்காமலே ஒரு நாள் கொடுத்தீங்க. அது ஆட்டத்துல சேர்ந்துச்சே? உங்களுக்குன்னு வந்தா மட்டும் சேராதா?"

அவர் விழித்தார். இந்த நியாயத்தைப் பிறருக்குக் கொடுத்தே பழகியவர். தனக்கு யாராவது கொடுத்தால் எப்படி வாங்கிக்கொள்வது என்று தெரியாமல் அங்கவஸ்திரத்தின் முனையைத் திருகிக்கொண்டு நின்றார்.

"இது என்னய்யா கூத்து!" என்று பிரெசிடென்ட் கையிலிருந்த தடியைத் தரையில் தட்டினார். "ஒண்ணு இன்னிக்கு ஆடுங்க, இல்லே ராவுத்தர் கோப்பையை எடுத்துட்டுப் போகட்டும்."

"இன்னிக்குக் கொடுத்தா நான் வாங்க மாட்டேங்க" என்றேன். "அவர் தையல் பிரிக்கட்டும். கண்ணு திறக்கட்டும். அப்புறம் ஆடுவோம். அதுவரைக்கும் கோப்பை அலமாரியிலேயே இருக்கட்டும்."

அந்த நாட்களில் நான் தினமும் போய் ஆடிப் பழகினேன். ஆனால் வெளியில் எதுவும் அடங்கவில்லை. எங்கள் ஆட்கள் எனக்குப் புத்தி கெட்டுவிட்டது என்றார்கள். அவர் பக்கத்தில், பாலத்தில் நடந்ததற்கு அப்புறமும் இவர் அவனோடு ஆடுகிறாரே என்று பேச்சு. இரண்டு பக்கமும் அந்த ஒரு சாயங்காலத்துக்காகக் காத்திருந்தது.

அவர் கண் திறந்ததும் ஆட்டத்துக்கு நாள் குறித்தோம். அன்றைக்கு அறை நிறைந்து வழிந்தது. பந்து பந்தில் மோதும் சத்தமும், மார்க்கர் பாயிண்டைச் சொல்லும் குரலும் மட்டும் கேட்டன. நான் முன்னால் போனேன். அவர் எட்டிப் பிடித்தார். நான் மறுபடி முன்னால் போனேன். கடைசியில் எனக்கு இன்னும் ஒரே ஒரு அடி மீதி இருந்தது. அடுத்த முறை குச்சி என் கைக்கு வந்திருந்தால் முடிந்திருக்கும்.

அவர் குனிந்தார். அவருக்கும் ஒரு அடிதான் மீதி. நான் எதிர்ப்பக்கம் நின்றிருந்தேன். சிவப்புப் பந்து மூலைப் பைக்கு வராமல் விளிம்பில் பட்டுத் திரும்பியது. தப்பிவிட்டது என்று நான் குச்சியைக் கையில் மாற்றிக்கொண்டேன். அந்தப் பந்து மேஜையைக் குறுக்கே கடந்து, ஓட்டம் ஓய்ந்து, நடுப் பையின் வாயில் ஒரு கணம் நின்று, உள்ளே விழுந்தது.

யாரும் கை தட்டவில்லை. அவருடைய நண்பர்கள்கூடத் தட்டவில்லை. ஜன்னல் கம்பியில் நெருங்கியிருந்த முகங்கள் என்னைப் பார்த்தன. நான் என்ன செய்கிறேன் என்று பார்த்துவிட்டு அவர்கள் ஏதாவது செய்வார்கள் என்பது புரிந்தது. மேஜையைச் சுற்றி வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினேன். "பார்ப்போம், பார்ப்போம்" என்றுகூட அவர் சொல்லவில்லை.

வெளியே வந்தபோது அவருடைய வண்டி நின்றிருந்தது. வண்டியைச் சுற்றிலும் ஆட்கள். பின்னாலிருந்து யாரோ, "அன்னிக்குப் பட்டது பத்தலை போலருக்கு" என்று சொன்னது என் காதில் விழுந்தது. செகரட்டரி காதிலும் விழுந்திருக்கும். அவர் ஒன்றும் கேட்காதவர் மாதிரி ஏறி உட்கார்ந்தார். நானும் அவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன்.

"நீங்க எங்கே?" என்றார்.

"ஸ்ரீரங்கத்துக்கு."

அத்தா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். அப்புறம் வண்டிக்காரனிடம், "வண்டியைப் பார்த்து ஓட்டு, பள்ளம் மேடு இருக்கும்" என்றார்.

பாலத்தடியில் எங்கள் தெரு இளவட்டங்கள் நான்கைந்து பேர் நின்றிருந்தார்கள். வண்டி நெருங்கியதும் ஒருவன் முன்னால் வந்து உள்ளே எட்டிப் பார்த்தான். என்னை அங்கே அவன் எதிர்பார்க்கவில்லை.

"பாய், நீங்களா? என்னாச்சு? ஜெயிச்சீங்களா?"

"தோத்துட்டேன்" என்றேன். எல்லோருக்கும் கேட்கட்டும் என்று உரக்கவே சொன்னேன். "நல்லா ஆடித் தோத்தேன். இவர் என்கூட வர்றாரு. வழி விடுங்க."

அவன் கொஞ்ச நேரம் நின்றான். அவன் கைகள் எங்கே இருக்கின்றன என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அவன் குதிரையின் முகத்தைத் தட்டி ஒதுக்கிவிட்டு நகர்ந்துகொண்டான். வண்டி பாலத்தில் ஏறியது. ஆற்றில் தண்ணீர் நிறைய ஓடிக்கொண்டிருந்தது. மேற்கே வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது. வண்டி பாலத்தைக் கடந்து அக்கரையில் இறங்கியது.

"ராவுத்தரே" என்றார் அப்புறம். "அந்தக் கடைசி அடி. நான் குறி வெச்சது அந்தப் பையே இல்லை."

"தெரியும் சார். நான் எதிரேதான் நின்னேன்."

"வேற யாருக்கும் தெரியலை."

"இல்லை."

"நீங்க ஏன் சொல்லலை?"

"விதிப்படி அது செல்லும்தானே?"

"செல்லும்" என்றார். கட்டு பிரித்த தழும்பைத் தடவிக்கொண்டே வெளியே பார்த்தார். "செல்லும். ஆனா யார் நல்லா ஆடறவன்னு இன்னிக்கும் தெரியலை, பாருங்கோ. மூணு ஆட்டம் போதலை. நாளன்னிக்கு வரேளா? கோப்பைக்கு இல்லை. சும்மா ரெண்டு பேர் மட்டும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த மனிதருக்காகவா இத்தனை நாள் ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது!

"வரேன் சார். எத்தனை ஆட்டம் ஆடினா உங்களுக்குப் போதும்?"

ஸ்ரீரங்கத்தில் கட்டி முடிக்காமல் நின்ற மொட்டைக் கோபுரத்தின் அடியில் வண்டி நுழைந்தது. சக்கரச் சத்தம் சுவர்களில் மோதி ஒரு நிமிஷம் பெரிதாகக் கேட்டது. அது அடங்கும்வரை அவர் காத்திருந்தார்.

"அதைத்தான் யோசிச்சிண்டிருக்கேன்" என்றார்.